இன்ஜினுக்குப் போட்ட எண்ணெய்

செல்லம் பியானோவின் மூடியைத் திறந்தபோது அவளுடைய அண்ணன் கனகராஜ் வாசற்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். பல் தெரியச் சிரித்தான். அந்தச் சிரிப்பை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று பொழுது சாய்வதற்குள் அது என்ன பாடு படப்போகிறது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

விஜயதசமிக் காலை. சிங்கப்பூருக்கு வடக்கே, பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியாராக, அதாவது தலைமைக் கணக்கராக இருக்கிற செல்லத்தின் அப்பா சதாசிவத்தின் வீட்டு ஹால். முதல் நாள் சரஸ்வதி பூஜை. மற்ற வீடுகளில் புத்தகம் வைப்பார்கள், வீணை வைப்பார்கள். இந்த வீட்டு வாத்தியத்தை நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது. அதனால் அம்பாள் படத்தையே பியானோவின் தலையில் ஏற்றி, பட்டுத்துணி போர்த்தி, சந்தனமும் குங்குமமும் வைத்து, சுண்டல் படைத்தாகிவிட்டது. பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கும்வரை தொடக்கூடாது. தொட விட்டால் செல்லத்தின் தாயார் கிருஷ்ணம்மா இல்லை.

"நாளைக்கு ஆள் வருதும்மா. இன்னைக்கு வாசிக்காம எப்படி?" என்று செல்லம் நேற்றே கெஞ்சிப் பார்த்தாள்.

"சரஸ்வதிய விட அந்த வெள்ளைக்காரன் பெரியவனா?" என்று கிருஷ்ணம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

பாவம், அந்தப் பெண் நேற்றுப் பூராவும் சாப்பாட்டு மேசை மேல் விரல்களை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாத கச்சேரி. "மேசையையும் சேர்த்து பூஜையில வச்சிருக்கணும் போலிருக்கே" என்று கனகராஜின் மனைவி பேச்சியம்மாள் கேலி செய்தாள். இந்தப் பியானோ மேல் பேச்சியம்மாளுக்கு என்றைக்கும் ஆசை கிடையாது. அதற்குக் காரணம் உண்டு. செல்லம் சிங்கப்பூரில் தங்கிப் பியானோ படிக்கப் பணம் வேண்டும் என்று வந்தபோது கனகராஜைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கிராணியார் மகன் தோட்டத்து ஆலையில் இன்ஜின் ஓட்டுகிற கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

வருகிற ஆள் யார் என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வான் ரீக் என்கிற டச்சுக்காரர். பத்தாவியாவில் இருக்கிறார். ஐரோப்பாவிலிருந்து வரும் சங்கீத வித்துவான்களை ஜாவா முழுக்க ஊர் ஊராக அழைத்துப் போய்க் கச்சேரி வைப்பது அவர் தொழில். இந்த வருஷம் வரவேண்டிய பியானோக்காரி கப்பல் ஏறுமுன்பே படுத்துவிட்டாளாம். சிங்கப்பூரில் யாரோ செல்லத்தின் பேரைச் சொல்லியிருக்கிறார்கள். கோலாலம்பூரிலிருந்து திரும்பும் வழியில் பாலோவில் இறங்கி, அவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, மாலை வண்டியில் போவதாக ஏற்பாடு. பிடித்தால் ஆறு மாதக் கச்சேரி. பத்தாவியா, பாண்டுங், சுரபாயா. பிடிக்காவிட்டால் பாலோ.

பாலோ என்றால் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். லண்டன் பரீட்சை தேறிய சர்ட்டிபிகேட் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது. சிங்கப்பூரில் கவர்னர் வந்த சபையில் வாசித்திருக்கிறாள். பினாங்கில் வாசித்திருக்கிறாள். அதற்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. ஊரெல்லாம் தோட்டங்கள் ஆளைக் குறைத்தன. கச்சேரிக்கு யார் கூப்பிடுவார்கள்? இரண்டு வருஷமாக அவள் வாசிப்பதெல்லாம் துரைமார் கிளப்பில், சனிக்கிழமை சாயங்காலம், அவர்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதற்கு. அத்தனை படித்த கை இப்போது துரைமார் காலுக்குத் தாளம் போடுகிறது. இருபத்தாறு வயது ஆகிறது.

அந்த வீட்டில் யாருக்கும் இதனால் லாபமில்லை என்று நினைக்க வேண்டாம். தோட்டத்தில் எந்தக் கிராணியும் பெரிய துரை முன்னால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். சதாசிவம் ஒருவருக்குத்தான் நாற்காலி. "உங்கள் மகள் மிக நன்றாக வாசித்தாள்" என்று துரை சொன்ன அன்று போட்ட நாற்காலி. அதை இன்னும் எடுக்கவில்லை.

சரி. செல்லம் மூடியைத் திறந்தாள். பட்டுத்துணியை மடித்து வைத்தாள். அம்பாளைக் கும்பிட்டாள். இரண்டு கையையும் வைத்து ஒரே சமயத்தில் அழுத்தினாள்.

ஈரச் சாக்கைக் கம்பால் அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

மறுபடி அழுத்தினாள். அதே சத்தம். சில கட்டைகள் கீழே போனவை மேலே வரவில்லை. வந்த ஒன்றிரண்டு சுரமும் இடம் தவறி எங்கோ கீழே கிடந்தன.

"எப்படி பாப்பா? வழவழன்னு போகுதா?" என்றான் கனகராஜ், சிரிப்பு மாறாமல்.

செல்லம் மெதுவாகத் திரும்பினாள். "அண்ணே, இதுல என்ன போட்டீங்க?"

"எண்ணெய்! முந்தாநாள் பூஜைச் சாமான் வாங்க நீங்கல்லாம் குளுவாங் டவுனுக்குப் போயிருந்தீங்கள்ல, அப்ப செஞ்சேன். முன் பலகையக் கழட்டிப் பார்த்தா, அலமாக், அவ்வளவு துரு! கம்பி பூரா மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சேன். அப்புறம் நம்ம இன்ஜின் எண்ணெய ஊத்தி ஒரு இடம் விடல. கம்பி, ஆணி, அந்தக் கம்பளி சுத்தி, எல்லாத்துக்கும். ஆயுத பூஜைக்கு இன்ஜினுக்கு செய்றேன், இதுக்கு செய்யாம விட்டா பாவம்லா?"

அவன் பாராட்டுக்காகக் காத்திருந்தான். அதுதான் கொடுமை. இந்தப் பியானோவுக்குள் ஈரம் தங்காமல் இருக்க ஒரு சின்ன பல்பு எரிகிறது. அதற்குக் கரண்ட் கனகராஜ் ஓட்டுகிற டைனமோவிலிருந்து வருகிறது. இத்தனை வருஷத்தில் அந்த பல்பை அவன் ஒரு நாள் அணைய விட்டதில்லை. பியானோவின் உள்ளே இப்போது கம்பளிச் சுத்தியல்கள் எண்ணெய் குடித்து ஊறிக் கிடந்தன. கம்பிகளை இழுத்துப் பிடிக்கிற ஆணிகள் மரத்துக்குள் வழுக்கிவிட்டன. பட்டுத்துணி போர்த்தி, ஒரு பகலும் இரவும் யாரும் தொடாமல், நன்றாக ஊற விட்டிருந்தார்கள்.

"அண்ணே..." என்றாள் செல்லம்.

உள்ளேயிருந்து சதாசிவம் வந்தார். கோட்டு போட்டிருந்தார். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். விரலில் ஒட்டிய எண்ணெயை முகர்ந்தார். அப்புறம் நேராகப் போய்க் கனகராஜின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை வைத்தார்.

"முட்டாப் பயலே! தங்கச்சி வாழ்க்கையவே கெடுத்துட்டியேடா!"

முப்பது வயது ஆண்பிள்ளை. சமையலறை வாசலில் பெண்டாட்டி நிற்கிறாள். கனகராஜ் வாயைத் திறந்தான். அப்பாவைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

கிருஷ்ணம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அம்பாளுக்கே இஷ்டமில்ல போலிருக்குடி. அவ முன்னாடி வச்ச பொருள்தானே? வேணாம்னு சொல்றா."

"சரி, விதி" என்றார் சதாசிவம். "நான் ஸ்டேஷனுக்குப் போய் தந்தி அடிச்சிடறேன், வர வேணாம்னு. மனுஷன் வீணா இறங்கி ஏறுவானேன்?"

அவர் காலில் ஏற்கெனவே பூட்ஸ் இருந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் உறுத்தியது.

"தந்தி வேணாம்பா" என்றாள் செல்லம். "வரட்டும். கிளப்ல ஒரு பியானோ இருக்குல்ல?"

"கிளப்பா? அது துரைமார் இடம்மா."

"சனிக்கிழமையானா நான் வாசிக்கிற இடந்தானேப்பா?"

"அது அவங்க கூப்பிட்டுப் போறது."

"இன்னைக்கு அவங்க கூப்பிடல. நானா போய்க் கேக்குறேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கனகராஜும் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான்.

கிளப்புக்குச் சமையற்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். சனிக்கிழமைகளிலும் அப்படித்தான். பெரிய துரையின் மனைவி பூ ஜாடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல பெண்மணிதான். செல்லத்தை எப்போதும் சிரித்த முகமாகத்தான் பார்ப்பாள். விஷயத்தைக் கேட்டதும் "ஐயோ, எவ்வளவு வருத்தமான செய்தி!" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"ஒரு மணி நேரம் போதும், அம்மா. அவர் வந்ததும் வாசித்துவிட்டுப் போய்விடுவேன்" என்றாள் செல்லம் இங்கிலீஷில்.

"இன்று டென்னிஸ் இருக்கிறது, செல்லம். எல்லாரும் வருவார்கள். கமிட்டி ஒப்புக்கொள்ளாது."

"சனிக்கிழமை வாசிக்கிறேனே?"

"சனிக்கிழமை நீ வேலைக்கு வருகிறாய். இன்று வந்தால்..." துரையம்மா சரியான வார்த்தையைத் தேடினாள். "இன்று வந்தால் நீ விருந்தாளி மாதிரி ஆகிவிடுவாய், இல்லையா?"

அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "புது வால்ட்ஸ் நோட்டு வந்திருக்கிறது, கையோடு எடுத்துப் போகிறாயா?" என்று வேறு கேட்டாள். ஹாலின் கோடியில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், அந்தப் பியானோ கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு நின்றது. அதன் ஒவ்வொரு கட்டையின் குணமும் செல்லத்துக்குத் தெரியும். நோட்டை வாங்கிக்கொண்டு சமையற்கட்டு வழியாகவே வெளியே வந்தாள்.

ரப்பர்ப் பால்மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. இரண்டு பேரும் பேசாமல் நடந்தார்கள். கனகராஜால் தாங்க முடியவில்லை.

"பாப்பா, ரெண்டு திட்டுத் திட்டிடு. நீ இப்படிப் பேசாம வர்றது என்னமோ பண்ணுது."

"உங்களத் திட்டி என்னண்ணே ஆகப்போகுது? எண்ணெய் போடணும்னு உங்களுக்கா தோணுச்சா?"

"அத விடு."

"அண்ணே."

"விடுன்னா விடேன்லா."

அவள் நடுப்பாதையில் நின்றுவிட்டாள். அவனும் நின்றான். காலால் மண்ணைக் கிளறினான்.

"அப்பாதான் சொன்னாரு" என்றான் கடைசியில். "வெள்ளைக்காரன் வர்றான், உன் இன்ஜின் மாதிரி இதையும் துடைச்சு எண்ணெய் போட்டு வை, தங்கச்சிகிட்ட சொல்லாத, திறக்குறப்ப சந்தோஷப்படட்டும்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. அவருக்கும் தெரியல, பாவம். அதான் அவர் அடிக்கிறப்ப நான் வாயத் திறக்கல. அத்தனை பேர் முன்னாடி அவருக்கு அசிங்கம்ல?"

செல்லத்தின் கண் முன்னே சித்திரை மாதத்து ஒரு மத்தியானம் வந்து நின்றது. சுருதி சேர்க்கச் சிங்கப்பூரிலிருந்து வந்த சீனர் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, அவளையும் அப்பாவையும் பக்கத்தில் அழைத்துக் காட்டினார். ஆணிகளைத் தொட்டு, எண்ணெய் மட்டும் இதற்கு விஷம், ஒரு சொட்டு பட்டாலும் என்னால் சரி பண்ண முடியாது என்று இங்கிலீஷில் சொன்னார். அப்போது கனகராஜ் ஆலையில் இருந்தான். கேட்டவர்கள் இரண்டே பேர். அன்று சாயங்காலமே அப்பா அவளிடம், "இனிமே தலைக்கு எண்ணெய் வச்சா, சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தான் பியானோவில உட்காரணும், தெரியுதா?" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"அவருக்குத் தெரியும்ணே" என்றாள்.

"சேச்சே! அப்பாவா?"

செல்லம் சித்திரை மாதத்துக் கதையைச் சொன்னாள். கனகராஜ் முழுக்கக் கேட்டான். அவன் கை தானாகப் போய்க் கன்னத்தைத் தொட்டது.

சதாசிவம் ஹாலில் உட்கார்ந்திருந்தார். தந்தி அடிக்கப் போகவில்லை. கிளப்பில் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

"இல்லேன்னுட்டாங்களா? நான்தான் சொன்னேனே" என்றார்.

"அண்ணன எண்ணெய் போடச் சொன்னது நீங்களாப்பா?"

அவர் கொஞ்ச நேரம் சுவரில் தொங்கிய சர்ட்டிபிகேட்டைப் பார்த்தார். மறுப்பார் என்றுதான் நானும் நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஆமா. நான்தான் சொன்னேன்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்! என்ன செய்யச் சொல்ற? போகாதேன்னு சொன்னா நீ கேப்பியா? ஊர் ஊரா நோட்டீஸ் ஒட்டுவான்மா. உன் படத்தைப் போட்டு, விலை போட்டு ஒட்டுவான். அது இங்கயும் வரும். கள்ளுக்கடைச் சுவத்துல என் பொண்ணு முகமா? குடிச்சிட்டு வர்றவன் எல்லாம் நின்னு பார்த்துட்டுப் போகவா?"

"சிங்கப்பூர்ல டிக்கெட் விக்கலையா?"

"அது கவர்னர் வந்த சபை. கௌரவம். இது கூத்து. ஆறு மாசம் வேத்து ஆளோட ஊர் சுத்திட்டு வந்த பொண்ண எவன் கட்டுவான்?"

"இப்ப மட்டும் எவன் வந்து நிக்கிறான்?"

சதாசிவம் எழுந்து நின்றார். "சரி, கேட்டுக்கோ. நீ போயிட்டா இந்தத் தோட்டத்துல நான் யாரு? மத்த கிராணி மாதிரி நானும் ஒருத்தன். துரை என்னை உட்காரச் சொல்றது என் கணக்கைப் பார்த்தா? சனிக்கிழமை உன் வாசிப்பைக் கேட்டுட்டுத்தான். உன்னைப் படிக்க வச்சது நான். எனக்கு இதுகூடக் கிடையாதா?"

மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அந்த மட்டுக்கும் மெச்ச வேண்டும். ஆனால் அந்த மூளை நெருப்பில் போக! மகளின் கையை ஒடித்தால் பாவம் என்று அவருக்குத் தெரியும். அதனால் பியானோவை ஒடித்தார். தன் கையால் ஒடித்தால் பழி வரும். அதனால் படிக்காத மகனின் கையால் ஒடித்தார். பிறகு அந்த மகனையே அறைந்தார்.

செல்லம் அழவில்லை. "அவர் வரட்டும். நான் வாசிப்பேன்" என்று மட்டும் சொன்னாள்.

"இதுலயா?"

"வேற எதுல?"

வான் ரீக் துரை மத்தியான வெயிலில் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். பருத்த மனிதர். காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். நேரத்தை வீணாக்குகிற ஆள் இல்லை. "ஆரம்பிக்கலாமா?" என்றார்.

செல்லம் உட்கார்ந்தாள். மூன்று மாதம் சாதகம் செய்து வைத்திருந்த சொனாட்டாவைத் தொடங்கினாள். ஒரு விரல் தப்பவில்லை. ஆனால் விரல் சொன்னதைப் பியானோ சொல்லவில்லை. சில இடத்தில் வெறும் தட்டல். சில இடத்தில் அபஸ்வரம். ஒட்டிக்கொண்ட கட்டைகளை இடது கையால் நெம்பி விட்டுக்கொண்டே வலது கையால் வாசித்தாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல் கிருஷ்ணம்மா உள்ளே போய்விட்டாள். வான் ரீக் கண்ணை மூடிக் கேட்டார், பிறகு கண்ணைத் திறந்து அவள் கைகளையே பார்த்தார். முதல் பாகம் முடியுமுன்னே எழுந்துவிட்டார்.

"மிஸ் செல்லம், கை தெரிகிறது. சத்தம் தெரியவில்லை. நான் கேட்காத ஒன்றுக்கு எப்படி டிக்கெட் விற்பேன்?"

"இது முந்தாநாள்வரை நல்ல பியானோ" என்றாள் செல்லம்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். விரலால் தொட்டார். முகம் சிவந்தது. "யார் இப்படிச் செய்தது?"

சதாசிவம் சுத்தமான இங்கிலீஷில் பதில் சொன்னார். "என் மகன், ஐயா. படிப்பில்லாதவன். இன்ஜின் ஓட்டுகிறவன். அவனுக்கு என்ன தெரியும்?"

கனகராஜ் பள்ளிக்கூடத்தில் கற்ற கொஞ்சம் இங்கிலீஷ் இதைப் புரிந்துகொள்ளப் போதும். அவன் வாசற்படியில், காலையில் நின்ற அதே இடத்தில் நின்றான். வான் ரீக் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குக் கனகராஜ் சிரித்தான். கெஞ்சுகிற மாதிரி, மன்னிக்கச் சொல்கிற மாதிரி ஒரு சிரிப்பு. காலையில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன சிரிப்பு கடைசியில் இப்படி ஆயிற்று.

வான் ரீக் தொப்பியை எடுத்துக்கொண்டார். "நான் சிங்கப்பூரில் ஹோட்டலில் இருப்பேன். அங்கே நல்ல பியானோ இருக்கிறது. நாளை மறுநாள் சாயங்காலம் கப்பல். அன்று காலைக்குள் வந்தால் கேட்கிறேன். வராவிட்டால் மணிலாக்காரி ஒருத்தியை அழைத்துப் போவேன். துணைக்கு யாராவது வரட்டும். தனியாக வரும் பெண்ணை அந்த ஹோட்டலில் மேலே விடமாட்டார்கள்."

தோட்டத்து லாரி அவரை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிற்று.

லாரியின் சத்தம் அடங்கியதும் செல்லம் எழுந்தாள். ஹாலைத் தாண்டி, படியிறங்கி, வாசல் மண்ணில் போய் நின்றாள். சம்பளம் குறைந்தது என்றோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்றோ சொல்ல வருகிற ரப்பர்ப் பால்வெட்டுக்காரர்கள் நிற்கிற இடம் அது. அவர்களைப் போலவே கையைக் கட்டிக்கொண்டாள்.

"கிராணியார் ஐயா" என்றாள்.

சதாசிவத்துக்கு முதலில் புரியவில்லை. "என்னம்மா இது?"

"ஒரு மனுங்க ஐயா. சனிக்கிழமை கிளப்புல வாசிக்க இனிமே ஆள் வராது. பெரிய துரைகிட்ட நீங்கதான் சொல்லணும். நாற்காலில உட்காராதீங்க. நின்னுக்கிட்டே சொல்லுங்க. அப்பத்தான் பழகும்."

"செல்லம்மா!"

"நாளைக்குக் காலை வண்டில சிங்கப்பூர் போறேன்."

சதாசிவம் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அழுவாரோ என்று பார்த்தால் அவருக்குக் கோபம்தான் வந்தது. "யாரு கூட? இவன் கூடவா? நாளைக்கு ஆலையில சங்கு ஊதுறப்ப இவன் இன்ஜின்கிட்ட இல்லேன்னா இவன் பேரை ஆள் கணக்குப் புஸ்தகத்துலேருந்து நானே வெட்டிடுவேன். அப்புறம் ரெண்டு பேரும் ரோட்டுலதான் நிக்கணும். வேற எவன் வர்றான் உன்கூட? கூப்பிட்டுப் பாரு!"

செல்லம் அண்ணனைப் பார்த்தாள். அவள் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"பாப்பா, நான் எப்படி..." என்று ஆரம்பித்தான் கனகராஜ். தலை குனிந்துகொண்டது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

சமையலறையிலிருந்து பேச்சியம்மாள் வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்து, மாமனாருக்கு முன்னால் நின்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவருக்கு நேரே நின்று பேசாதவள்.

"நான் போறேன் மாமா. பொம்பளைக்குப் பொம்பளை துணை. எம் பேர வெட்ட உங்ககிட்ட எந்தப் புஸ்தகமும் கிடையாது."

"அண்ணி!" என்றாள் செல்லம். படியேறி ஓடி வந்து அவள் கையைப் பிடிக்கப் போனாள். பேச்சியம்மாள் கையைக் கொடுக்கவில்லை.

"ஒனக்காக வர்றேன்னு நெனச்சுக்காத செல்லம். அந்தப் பெட்டி எம் புருஷன் படிப்பத் தின்ன பெட்டி. அது ஒடஞ்சதுல எனக்குத் துக்கமில்ல. அவர் கன்னத்துல விழுந்துச்சே, அதுக்கு வர்றேன்."

பியானோவுக்குள் ஒரு கம்பி தளர்ந்து, கேட்டும் கேட்காமலும் முனகியது.

"பேச்சி, உள்ள போ" என்றான் கனகராஜ்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் அறை வாங்கியபோது எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். படிப்பில்லாதவன் என்று வெள்ளைக்காரன் முன்னால் சொன்னபோதும் பேசாதவன். அவனுக்கு இன்றைக்கு முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. உயர்ந்தது அப்பாவிடம் இல்லை, பெண்டாட்டியிடம்.

"உள்ள போன்னு சொல்றேன்ல!"

பேச்சியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளேதான் போனாள். கட்டிலுக்கடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் வாசல்வரை கேட்டது.